குறைந்த செலவில் கேமிங் கணினி: பாகங்களை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

முதன்முறையாகக் கேமிங் கணினி வாங்க நினைப்பவர்களில் பலர் பிராசசரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். "ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா?" என்பதே என்னிடம் வழக்கமாக வரும் முதல் கேள்வி. கையில் இருக்கும் பணம் அளவானது என்றால் அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவையுங்கள். முதலில் மானிட்டர், அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டு, கார்டுக்கு ஈடுகொடுக்கும் பிராசசர், அந்தப் பிராசசரை உண்மையிலேயே இயக்கக்கூடிய மதர்போர்டு என்ற வரிசையில் முடிவெடுத்தால், வீணாகும் பணம் பெருமளவு குறையும். பாகங்களைப் பொருத்தும் முறையையும் விண்டோஸ் நிறுவுவதையும் இங்கே எழுதப்போவதில்லை. கடைக்குப் போவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை மட்டுமே இதில் உள்ளன.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. "ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்று மிக மலிவான விலையில் விளம்பரம் செய்யப்படும் அசெம்பிள் கணினிகளில் இருப்பது பெரும்பாலும் 2011இல் வந்த ஐ7-2600 அல்லது 2012இல் வந்த ஐ7-3770. உடன் வரும் 4 ஜிபி கார்டு பல நேரம் ஜிடி 730 ஆக இருக்கும். அந்த ஐ7இலும் நான்கு கோர்கள் (பிராசசருக்குள் கணக்கிடும் அலகுகள்) தாம். இன்றைய ஐ3-12100எஃப் பிராசசரிலும் நான்கு கோர்கள்தாம். ஆனால் வேகத்தில் ஐ3 வெகுதூரம் முன்னே நிற்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ இந்தப் பழைய பிராசசர்கள் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. எனவே பெயரில் உள்ள 'ஐ7'ஐ விட்டுவிட்டு, அதன் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள்.

1. திரையும் விளையாட்டும்

குறைந்த செலவுக்கு 1920×1080 திரையே பொருத்தமானது. 2560×1440 திரைக்குப் போனால், ஒவ்வொரு ஃபிரேமிலும் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் ஏறத்தாழ 78 விழுக்காடு கூடுகின்றன. அதற்கேற்ற கார்டு வாங்கும்போது மொத்தத் திட்டமும் கைமீறிப் போகும். வேலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்றவற்றை மட்டும் ஆடுபவர்கள் 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டரை எடுப்பது நல்லது. சைபர்பங்க் 2077 போன்ற கனமான விளையாட்டுகளே குறி என்றால், மானிட்டரில் மிச்சப்படுத்தும் பணத்தைக் கார்டில் போடுங்கள்.

2. கிராபிக்ஸ் கார்டு

மானிட்டர் நீங்கலான மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை இதற்கே ஒதுக்க வேண்டும். அதாவது 60,000 ரூபாய் திட்டமென்றால் 20,000 முதல் 24,000 வரை. இன்றைய விளையாட்டுகளுக்கு 8 ஜிபிக்குக் குறைவான நினைவகம் உள்ள புதிய கார்டை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான பரிந்துரை. இந்த வரம்பில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, பணம் சற்றுக் கூடினால் ஆர்எக்ஸ் 7600 அல்லது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 ஆகியவற்றில் கிடைப்பதைப் பார்க்கலாம். ஆர்எக்ஸ் 6600 மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் கார்டு; அதன் அளவு 132 வாட்தான்.

ஒரே பெயரில் இரு வேறு கார்டுகள் விற்கப்படுவதையும் கவனிக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு 8 ஜிபி வடிவிலும் உண்டு, 2024இல் வந்த 6 ஜிபி வடிவிலும் உண்டு. இரண்டின் வேகமும் ஒன்றல்ல, 6 ஜிபி கார்டு மெதுவானது. ஆனால் தனி பவர் கேபிள் இல்லாமல் 70 வாட்டில் ஓடுவதால், பழைய அலுவலகக் கணினியில் மாட்டுவதற்கு அது நல்ல தேர்வு. பழைய கார்டு வாங்குவதானால், கண்ணெதிரே ஓடவிட்டு, ஜிபியு-இசட் என்ற இலவச நிரலைத் திறந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஸ்டிக்கரில் ஒரு பெயரும் உள்ளே வேறு சிப்பும் இருந்தால் அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

3. பிராசசர்

ஆறு கோர் போதும். ஏஎம்டியின் ரைசன் 5 5600 அல்லது இன்டெலின் ஐ5-12400எஃப், இரண்டில் எது மதர்போர்டுடன் சேர்த்து மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். இன்டெல் பெயரின் இறுதியில் 'எஃப்' இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். ரைசன் 5 5600இலும் அது இல்லை. எனவே கார்டு வந்து சேரும்வரை திரையில் எதுவும் தெரியாது. கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கலாம் என்றிருப்பவர்கள், உள்ளமைந்த கிராபிக்ஸ் கொண்ட ரைசன் 5 5600ஜியை எடுக்கலாம். ஆனால் அதன் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) 16 எம்பி, 5600இல் 32 எம்பி. கார்டை இணைக்கும் பாதையான பிசிஐஇயில் 5600ஜி 3.0 பதிப்பு வரைதான் போகும். உடனே கார்டு வாங்குபவர்கள் 5600ஜிக்குச் செலவிட வேண்டியதில்லை.

4. மதர்போர்டு

மற்றப் பாகங்களை விலைப்பட்டியலைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம். மதர்போர்டை மட்டும் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தைத் திறந்து, வரி வரியாகப் படித்த பிறகே வாங்க வேண்டும்.

சாக்கெட் (போர்டில் பிராசசர் அமரும் இடம்) பொருந்துவதும் பிராசசர் இயங்குவதும் வேறு வேறு செய்திகள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016இல் அறிமுகமானது. அதற்கான போர்டுகளின் கட்டுப்பாட்டுச் சிப்பான பி450 சிப்செட் 2018இல் வந்தது, பி550 2020இல் வந்தது. ரைசன் 5 5600 வெளியானதோ 2022 ஏப்ரலில். கடையின் அலமாரியில் நீண்ட நாள் இருந்த ஒரு பி450 போர்டின் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்), தனக்குப் பின் பிறந்த பிராசசரை அடையாளம் காணாது. என் அக்கா மகனுக்காகக் கணினி கட்டிய அன்று இதை நேரில் எதிர்கொண்டோம். பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன்கள் சுழன்றன, ராமின் வண்ண விளக்குகள் எரிந்தன, மானிட்டர் மட்டும் சிக்னல் இல்லை என்றே காட்டியது. ராமைக் கழற்றி மாட்டினோம், கேபிளை மாற்றினோம், கார்டை வேறொரு கணினியில் சோதித்தோம். கடைசியில் 24 முனைப் பவர் இணைப்புக்கு அருகே, 'சிபியு' என்று பொடியாக அச்சிட்ட இடத்தில் ஒரு கடுகளவுச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருப்பதைக் கண்டோம். போர்டிலும் பிராசசரிலும் எந்தப் பழுதும் இல்லை. பயாஸ் பழையது, அவ்வளவுதான்.

ஆகவே வாங்கும் முன், அந்த மாடலின் ஆதரவுப் பக்கத்தில் பிராசசர்களின் பட்டியலைத் திறந்து, உங்கள் பிராசசருக்கு எதிரே எந்தப் பயாஸ் பதிப்பு முதல் ஆதரவு உண்டு என்று எழுதியிருக்கிறது எனக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் 'ரைசன் 5000 டெஸ்க்டாப் ரெடி' என்ற ஸ்டிக்கர் இருந்தால் 5000 வரிசைக்கு ஏற்ற பயாஸ் உள்ளே இருக்கிறது என்று கொள்ளலாம். ஸ்டிக்கர் இல்லையென்றால், பயாஸை மேம்படுத்தித் தரும்படி கடைக்காரரிடமே கேளுங்கள்.

என் விருப்பம் இதைவிட எளிது: பிராசசர் இல்லாமலே பயாஸை ஏற்றும் வசதியுள்ள போர்டை மட்டுமே வாங்குவேன். ஆசஸ் அதைப் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்றும், ஜிகாபைட் க்யூ-ஃபிளாஷ் பிளஸ் என்றும் அழைக்கின்றன. எம்எஸ்ஐ போர்டுகளில் ஃபிளாஷ் பயாஸ் பட்டன் என்று இருக்கும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் பயாஸ் கோப்பை வைத்து, கையேடு சொல்லும் பெயரை எழுத்துப் பிசகாமல் இட்டு, அதற்கென்று குறித்த யுஎஸ்பி துளையில் செருகி, பட்டனை அழுத்த வேண்டும். விளக்கு மினுக்குவது நிற்கும்வரை மின்சாரம் போகக் கூடாது. எங்கள் பகுதியில் மின்வெட்டு சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதால், யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இன்டெல் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. எச்610, பி660 போர்டுகள் 12ஆம் தலைமுறையுடன் வந்தவை. அவற்றில் 13 அல்லது 14ஆம் தலைமுறைப் பிராசசரைப் பொருத்த புதிய பயாஸ் வேண்டும். ஐ5-12400எஃப் எடுத்தால் இந்தக் கவலை இல்லை. எச்610, பி660, பி760 போர்டுகளில் டிடிஆர்4 ராம் ஏற்பவையும் டிடிஆர்5 ஏற்பவையும் தனித்தனியே உண்டு. ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது.

இன்னொரு செய்தி, கார்டுக்கும் போர்டுக்கும் இடையிலான பிசிஐஇ பாதை. ஆர்எக்ஸ் 6600 எட்டுப் பாதைகளைப் பயன்படுத்துகிறது, பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள ஏ520, பி450 போர்டுகளில் அதற்கு இழப்பு குறைவு. ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே பாதைகளும் 4 ஜிபி நினைவகமும் கொண்டது. பழைய போர்டில் மாட்டினால் பல விளையாட்டுகளில் வேகம் கண்கூடாகக் குறையும். விலையைப் பார்த்து அதை எடுப்பவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது பிசிஐஇ 3.0 போர்டுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

5. ராம், எஸ்எஸ்டி

ஒரே 16 ஜிபி ராமைவிட இரண்டு 8 ஜிபி ராம்களை எடுங்கள். நான்கு துளை உள்ள போர்டில், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்துங்கள். பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) இயக்க மறக்க வேண்டாம். இயக்காவிட்டால் 3200 என்று வாங்கிய ராம் பல நேரம் 2400இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டிக்கு 500 ஜிபி இப்போது போதாது. 1 டிபி என்விஎம்இ (வேகமான வகை எஸ்எஸ்டி) எடுங்கள். எம்.2 என்ற சிறு பட்டை வடிவில் இருப்பதெல்லாம் என்விஎம்இ ஆகாது, மெதுவான சாட்டா வகையும் அதே வடிவில் வரும்.

6. எஸ்எம்பிஎஸ்

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஏற்காதீர்கள். பெட்டியின் மேல் 450 வாட் என்றிருக்கும். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால், 12ஐ 16ஆல் பெருக்க 192 வாட்தான் வருகிறது. பிராசசரும் கார்டும் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் அந்த வரியிலிருந்துதான். கார்டுக்கு 132 வாட், ரைசன் 5 5600க்கு உச்சத்தில் 76 வாட் என்று கூட்டினாலே 208 ஆகிவிடுகிறது. 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற மின்திறன் சான்றும், 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேலும் உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் இந்தக் கணினிக்கு நிறைவாகப் போதும். இதில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதற்குப் பதில் வண்ண விளக்குகளை விட்டுவிடுங்கள். சுவரில் எர்த் உள்ள மூன்று முனை பிளக் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கேபினட்டின் முகப்பு வலையாக இருக்கட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் குளிர்சாதனம் இல்லாத அறையில், முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினட்டுக்குள் வெப்பம் அடைபட்டு நின்றுவிடும்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டிக்கு அதுவே ஆதாரம்.

பிற்சேர்க்கை: வாசகர்களின் கேள்விகளுக்குப் பின் சேர்த்தவை

ராம் விலை: ஏஐ தரவு மையங்களின் தேவையால் 2025இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. மேலே சொன்ன 60,000 ரூபாய்க் கணக்கு இதனால் இடிக்கலாம். பழைய கணினியில் டிடிஆர்4 ராம் இருந்தால் அதையே பயன்படுத்தும் வகையில் ஏஎம்4 போர்டை எடுப்பது இப்போதைக்கு நல்ல வழி. கார்டைக் குறைத்துவிட்டு ராமை உயர்த்த வேண்டாம்.

வேலரன்ட் திறக்கவில்லை: விண்டோஸ் 11இல் அந்த விளையாட்டுக்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளால் மட்டுமே கணினியைத் தொடங்கும் வசதி) இரண்டும் இயங்க வேண்டும். டிபிஎம் பயாஸில், ஏஎம்டி போர்டென்றால் எஃப்டிபிஎம், இன்டெல் போர்டென்றால் பிடிடி என்ற பெயரில் இருக்கும். பழைய முறையில் தொடங்கவைக்கும் சிஎஸ்எம் அமைப்பு இயக்கத்தில் இருந்தால் செக்யூர் பூட் இயங்காது. சிஎஸ்எம்மை அணைக்கும் முன் உங்கள் டிரைவ் ஜிபிடி என்ற புதிய பகிர்வு முறையில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மின்வெட்டில் கணினி அணைகிறது: 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தாங்கும், விளையாடிக்கொண்டிருக்கும்போது மானிட்டரையும் சேர்த்தால் அதன் எல்லையை நெருங்கிவிடுவோம். 1000 விஏ அளவில் எடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அது சைன் வேவ் வகையா என்று பார்த்து, பின்பக்கச் சுவிட்சை யுபிஎஸ் நிலைக்கு மாற்றிவிடுங்கள். சாதாரண நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளி நீளமானது. எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் தாக்குப்பிடிக்கும் நேரமோ சுமார் 16 மில்லிசெகண்டுதான்.