மழைக்கு முன் தெருக்காரர்களை ஒன்றுசேர்ப்பது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பல பகுதிகளில் கரன்ட் போனது. பின்னாலேயே செல்போன் சிக்னலும் போனது. கையில் இருந்த வாட்ஸ்அப் குரூப் ஊமையாகிவிட்ட அந்த நேரத்தில், எந்த வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்று தெரிந்த அக்கம்பக்கத்தார்தான் கை கொடுக்க முடியும். அதனால் தெருக் குழுவை வாசலில் தொடங்குங்கள். குரூப் அதற்கப்புறம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். ஆகஸ்டிலேயே இறங்கினால் பதற்றமில்லாமல் முடிக்கலாம்.

1. எல்லையைச் சின்னதாக வையுங்கள்

ஒரு தெரு, முப்பது நாற்பது வீடு. அதற்கு மேல் போனால் முகம் பதியாது.

2. நோட்டோடு வீடு வீடாகப் போங்கள்

இது இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை சரியான நேரம். கதவு திறந்ததும் இப்படிச் சொல்லலாம்: "நாங்க இதே தெருதாங்க, 14ஆம் நம்பர் வீடு. மழை நேரத்துல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட நம்பர் எழுதிட்டு வர்றோம். காசு எதுவும் கேக்கலைங்க." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பாதி திறந்த கதவு முழுசாகத் திறப்பது அந்த வரிக்குத்தான்.

நோட்டில் எழுத வேண்டியவை: கதவு எண், மாடி, பெயர், இரண்டு செல் நம்பர், தனியாக இருக்கும் முதியவர் உண்டா, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய இன்சுலின் போன்ற மருந்து உண்டா, இன்வெர்ட்டர் இருக்கிறதா, மேல்மாடியில் ஒரு குடும்பத்தை இரவு தங்கவைக்க முடியுமா.

சொந்த வீட்டுக்காரர்களை மட்டும் எழுதிவிட்டுத் திரும்புவதுதான் பல தெருக்களில் நடக்கும் தவறு. வாடகைக்கு இருப்பவர்கள், அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள், வாட்ச்மேன் குடும்பம், இஸ்திரி வண்டிக்காரர் எல்லோரும் நோட்டில் வர வேண்டும். பாட்டியை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கப்போவது அந்தப் பையன்கள்தான்.

3. ஒரு தாள்

பெயர், கதவு எண், நம்பர் மட்டும் ஒரு ஏ4 தாளில் அச்செடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். கதவின் உட்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்; மீட்டர் பெட்டிமேல் வேண்டாம், போகிறவர் வருகிறவர் எல்லாம் படிப்பார்கள். நோய், மருந்து விவரம் நோட்டோடு நிற்கட்டும். அந்த நோட்டு இருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

4. இப்போது குரூப்

அட்மின் மூன்று பேர், அதில் ஒருவர் வாடகைக்கு இருப்பவர். குட் மார்னிங் படம், கட்சி, சாமி ஃபார்வர்டு மூன்றும் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பத்து நாள் கழித்துச் சொன்னால் யாரையோ குத்திக்காட்டியதாகிவிடும்.

5. சேர்ந்து ஒரு வேலை

செப்டம்பரில் ஒரு காலை, மழைநீர் வடிகாலின் வாய்களைப் பாருங்கள். தெரு ஓரக் கம்பி வலைமேல் பால் கவரும் வாதாம் இலையும் அப்பளம்போல் ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் நிற்பது பெரும்பாலும் அங்கேதான். மண்வெட்டி, கம்பிக் கொக்கி, கையுறை, நான்கு அன்னக்கூடை போதும். அள்ளிய மண்ணை ஓரத்திலேயே குவிக்காதீர்கள், முதல் மழையே அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். உள்ளே தூர் அடைத்திருந்தால் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குரூப்பில் போடுங்கள்.

கழிவுநீர் மூடியை மட்டும் யாரும் தொட வேண்டாம். மழைத்தண்ணீர் வடியட்டும் என்று அதைத் திறந்தால் சாக்கடை நிரம்பி, கீழ்த்தள வீடுகளின் கழிவறை வழியாக மேலே வரும். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது திறந்த குழி யார் கண்ணுக்கும் தெரியாது, உயிரே போய்விடும்.

வேலை முடிந்ததும் டீ, வடை. அந்த அரைமணிப் பேச்சை அவசரமாக முடிக்காதீர்கள், பெயர்கள் மனசில் நிற்பது அங்கேதான்.

பணமும் பதிவும்

முதல் வருஷம் சந்தா வேண்டாம். பணம் வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் சந்தேகம் வரும். தேவைப்பட்டால் பிறகு 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யலாம். குறைந்தது ஏழு பேர் வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைத் திருத்துங்கள். தெருவில் சாமான் ஏற்றிய வண்டி வந்து நின்றால், அன்றைக்கே ஒரு குடம் தண்ணீரோடு நோட்டையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள்.