கப்கேக் பஞ்சு மாதிரி வரணுமா? வெண்ணெய்ய கவனிங்க

நான் மொத மொத சுட்ட கப்கேக்க பிட்டுப் பாத்துட்டு எங்க வீட்டுப் பையன் "என்னம்மா இது, களியா"ன்னு கேட்டான். மேல பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, அடியில மட்டும் மெழுகு மாதிரி ஒரு லேயர். பேக்கிங் பவுடர் பத்தலன்னு நெனச்சு அடுத்த தடவ அரை ஸ்பூன் கூட போட்டேன், ஜோரா பொங்கி வந்து நடுவுல குழி விழுந்துருச்சு, வாயில கசப்பு வேற. அப்புறம்தான் தெரிஞ்சுது, தப்பு பவுடர்ல இல்ல, வெண்ணெய்ல.

பேக்கிங் பவுடர்ல இருந்து வர்ற வாயு, மாவுல ஏற்கெனவே இருக்கிற குட்டி குட்டி காத்துக் குமிழத்தான் ஊதிப் பெருசாக்கும். அந்தக் குமிழ உள்ள ஏத்துறது வெண்ணெயும் சர்க்கரையும் சேத்து அடிக்கிற அந்த அஞ்சு நிமிஷம்தான்.

எடுத்து வைங்க (10 கப்கேக் வரும்): மைதா 125 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 110 கிராம், முட்டை 2, பால் 60 மில்லி, பேக்கிங் பவுடர் ஒண்ணேகால் டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. கப் அளவெல்லாம் வேணாம், சின்ன தராசு ஒண்ணு வாங்கிடுங்க.

1. சர்க்கரைய மிக்ஸில ரெண்டு மூணு தடவ விட்டு விட்டு ஓட்டுங்க. நைசா பவுடர் ஆக்கிடாதீங்க, மெல்லிசு மணல் மாதிரி இருக்கணும், அந்த மணிகள்தான் வெண்ணெய்ய உரசி உரசி காத்துக்கு எடம் பண்ணும்.

2. இப்ப வெண்ணெய். எல்லா ரெசிபிலயும் "ரூம் டெம்பரேச்சர்"னு போட்டிருப்பாங்க, அது குளிர் ஊர்க்காரங்க கணக்கு, சுமாரா 20 டிகிரி. நம்ம ஊர் மே மாசத்துல சமையக்கட்டு 35ஐ தொடும், அங்க வெண்ணெய்ய வெளிய வெச்சுட்டு சீரியல் பாக்கப் போனா திரும்பி வரும்போது எண்ணெயாத்தான் இருக்கும், உருகுனதுல காத்து நிக்கவே நிக்காது. அதனால கடிகாரத்த பாக்காதீங்க, விரலால அமுக்கிப் பாருங்க. குழி விழுந்து அப்படியே நிக்கணும், விரல்ல எண்ணெய் பளபளப்பு ஒட்டக்கூடாது. ஒட்டுச்சுன்னா பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ்.

3. வெண்ணெயோட சர்க்கரைய சேத்து ஹேண்ட் பீட்டர்ல மீடியம் ஸ்பீடுல 4-5 நிமிஷம் அடிங்க. மஞ்சளா இருந்தது வெளுத்து கிட்டத்தட்ட வெள்ளையாகும், முன்ன இருந்தத விட பாதி எடம் ஜாஸ்தியா அடைக்கும். ஓரத்த அடிக்கடி வழிச்சு விடுங்க. கையிலதான் அடிக்கணும்னா 12 நிமிஷமாவது ஆகும், வலிக்கும், முன்னாடியே சொல்லிட்டேன்.

4. முட்டைய ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட ஊத்தினா கலவை திரிஞ்ச பால் மாதிரி பிரிஞ்சிடும். வெதுவெதுப்பான தண்ணில அஞ்சு நிமிஷம் போட்டு வெச்சிட்டு ஒவ்வொண்ணா உடைச்சு ஊத்தி அடிங்க. அப்படியும் பிரிஞ்சா ஒரு ஸ்பூன் மைதா தூவுங்க, சேந்துக்கும். எசென்ஸ் இப்பவே.

5. ஓவன 180 டிகிரில சூடு பண்ண விட்டுடுங்க. மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூணையும் ரெண்டு தடவ சலிச்சு, மூணு பாகமா, நடுநடுவுல பால் ஊத்தி, பீட்டர ஓரமா வெச்சிட்டு கரண்டியால கீழ இருந்து மேல மடிச்சு விடுங்க. வெள்ள மாவு கண்ணுக்குத் தெரியலன்னா நிறுத்திடணும். இன்னும் கொஞ்சம்னு கலக்கினா பரோட்டா மாவு மாதிரி இழுவை வந்துரும், பரோட்டாவுக்கு அது நல்லது, இதுக்கு இல்ல.

6. கப்கேக் ட்ரே குழியில வெச்ச பேப்பர் கப்புல முக்காலுக்கும் கம்மியா நிரப்பி உடனே உள்ள தள்ளுங்க, ஈரம் பட்ட நிமிஷமே பவுடர் வேலைய ஆரம்பிச்சுடும், அதனால மாவ வெச்சிட்டு போன் பேசாதீங்க. நடுத்தட்டு, மேல் கம்பி கீழ் கம்பி ரெண்டும் ஆன், 18ல இருந்து 20 நிமிஷம். மொத 15 நிமிஷம் கதவ திறக்காதீங்க, அரைவேக்காட்டுல குளிர் காத்து பட்டா உள்வாங்கிடும். அப்புறம் பல்குச்சி குத்திப் பாருங்க, ஈர மாவு ஒட்டாம வரணும். மேல எரிமலை மாதிரி வெடிச்சிருந்தா சூடு ஜாஸ்தி, சின்ன ஓவன்ல கம்பி கிட்டக்க இருக்கிறதால அடுத்த தடவ 170 வெச்சுக்கோங்க.

7. வெளிய எடுத்து அஞ்சு நிமிஷத்துல ட்ரேல இருந்து கழட்டி கம்பித் தட்டுல வைங்க, இல்லன்னா அடியில ஆவி தங்கி நசநசன்னு ஆயிடும். க்ரீம் வைக்கறதா இருந்தா தொட்டா துளி சூடு இல்லாதப்ப வைங்க. நான் வைக்கறதில்ல, எங்க வீட்ல அதுவரைக்கும் மிஞ்சுறதில்ல.