மெலனி க்ளைனின் காகிதங்களை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

குழந்தைகளின் விளையாட்டை வைத்தே அவர்கள் மனதைப் படித்த உளப்பகுப்பாய்வாளர் மெலனி க்ளைன் விட்டுச்சென்ற காகிதங்கள் லண்டனின் வெல்கம் கலெக்‌ஷன் என்ற நூலகத்தில் இருக்கின்றன. நேராகப் பெட்டிகளைத் திறந்தால் தலை சுற்றும், அதனால் முதலில் ஒரு தாளில் அவர் வாழ்க்கையைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1882இல் வியன்னாவில் பிறப்பு, பிறகு புடாபெஸ்ட், 1921இல் பெர்லின், 1926இல் லண்டன், 1960இல் மறைவு. தேதியில்லாத குறிப்பு ஏதாவது கையில் கிடைத்தால் எந்த ஊர், எந்த மொழி என்று பார்த்தே காலத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

அப்புறம், நூலக இணையதளத்தின் பட்டியலில் அவர் பெயரைத் தேடுங்கள். கணிசமான பகுதி இணையத்திலேயே கிடைக்கிறது.

என்னைக் கேட்டால் கோட்பாட்டுக் கையெழுத்துப் பிரதிகளை ஒதுக்கிவிட்டு, 1941இல் ஸ்காட்லாந்தின் பிட்லாக்ரியில் அவர் சிகிச்சை அளித்து, ரிச்சர்ட் என்ற புனைபெயரில் எழுதிய பத்து வயதுப் பையனிடமிருந்து தொடங்குங்கள். போர்க்காலம் இல்லையா, கப்பலும் நீர்மூழ்கியுமாக அவன் வரைந்த படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 1961இல் வெளியான அந்தச் சிகிச்சைப் பதிவைப் படியுங்கள், அவர் எதை எப்படிப் பொருள்கொண்டார் என்பது வரிக்கு வரி தெரியும், சில இடங்களில் 'இது கொஞ்சம் அதிகம்' என்றுகூடத் தோன்றும்.

நேரில் போவதென்றால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.