வீட்டுக்கு நெட்டும் லேண்ட்லைனும்: பிளானைப் பார்ப்பதற்கு முன் தெருவைப் பாருங்கள்

குரோம்பேட்டையில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனை எடுத்துவிட்டு ஃபைபர் (கண்ணாடி இழை லைன்) போட்டிருக்கிறோம். அதே 044 எண், அதே மேசைத் தொலைபேசி, கூடவே வீடு முழுக்க நெட். இது சரியாக ஓட ஆரம்பித்ததிலிருந்து சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி போடலாம்?" இதற்குத் தெருவுக்குத் தெரு பதில் மாறும். அதனால் கம்பெனி பெயரைச் சொல்லாமல், அதை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். சென்னையை வைத்து எழுதினாலும் மதுரைக்கும் திருச்சிக்கும் இதே வழிதான்.

படி 1: உங்கள் தெருவில் யாருடைய லைன் ஓடுகிறது?

பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ, ஆக்ட் என்று நான்கு பெயர்கள் உடனே ஞாபகம் வரும். இவற்றோடு உங்கள் ஏரியா கேபிள்காரரும் நெட் கொடுப்பார். கம்பெனியின் தளத்தில் பின்கோடைப் போட்டால் "உங்கள் பகுதியில் சேவை உண்டு" என்று வரும். அதை மட்டும் நம்பாதீர்கள். பின்கோடு என்பது ஒரு பெரிய வட்டாரம். உங்கள் வீட்டு வாசல் கம்பத்துக்கு லைன் வந்திருக்கிறதா என்பது அதில் தெரியாது.

வெளியே போய்ப் பாருங்கள். கம்பத்திலோ மதில் சுவரிலோ சின்னப் பெட்டிகள் இருக்கும். பலவற்றில் கம்பெனி பெயரும் ஒட்டியிருக்கும். அப்புறம் அதே வரிசையில் நான்கு வீட்டில் விசாரியுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: ராத்திரி எட்டிலிருந்து பத்துக்குள் வீடியோ நின்று நின்று வருகிறதா? கடைசியாக லைன் அறுந்தபோது எத்தனை நாளில் சரி செய்தார்கள்? புகாருக்கு யாரைக் கூப்பிடுகிறீர்கள், கால் சென்டரையா, லைன்மேனையா?

மூன்றாவது கேள்வியின் பதில்தான் எனக்கு முக்கியம். லைன்மேனின் எண் அந்த வீட்டுக்காரர் போனில் இருந்து, கூப்பிட்டால் அவர் எடுக்கிறார் என்றால் அந்த இணைப்புக்கு என் ஓட்டு. பிஎஸ்என்எல் ஃபைபரையே பல இடங்களில் வருவாய்ப் பங்கு அடிப்படையில் உள்ளூர் கேபிள்காரர்கள்தான் இழுத்துக் கொடுக்கிறார்கள். பழுதையும் அவர்களே பார்க்கிறார்கள். ஆகவே அதே பிஎஸ்என்எல் ஒரு தெருவில் அருமையாகவும் அடுத்த தெருவில் சுமாராகவும் இருக்க முடியும்.

கேபிள்காரரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: "வீட்டுக்குள் வருவது ஃபைபரா, லேன் கேபிளா (செம்புக் கம்பி)?" சில இடங்களில் கம்பம் வரை ஃபைபர் வந்து, அங்கிருந்து நெட்டைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஒரு சுவிட்ச் பெட்டி வழியாக மொட்டை மாடிகளைத் தாண்டி லேன் கேபிள் வரும். அந்தச் சுவிட்சுக்குக் கரண்ட் வேண்டும். அது யாரோ ஒருவர் வீட்டிலிருந்து எடுத்ததாக இருக்கும். அங்கே கரண்ட் போனால் உங்களுக்கும் நெட் போகும். இடி மின்னல் நேரத்தில் அந்தச் செம்புக் கேபிள் வழியாக ரூட்டர் எரிந்து போகவும் வாய்ப்புண்டு. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. வீட்டுக்குள் ஃபைபர் வராத இணைப்பை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

படி 2: எவ்வளவு வேகம் போதும்?

இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஹெச்டி படம் பார்க்க சுமார் 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்), 4கே படத்துக்கு 15 முதல் 25. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம்; அப்பா அம்மா மட்டும் இருக்கும் வீட்டுக்கு 30, 40 போதும். பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோட் ஆகும்போது திரையில் தெரிவது மெகாபைட். எட்டால் வகுத்துப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 12.5 எம்பி வந்தால் முழு வேகமும் வருகிறது என்று அர்த்தம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அப்லோட் வேகத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் டவுன்லோட் வேகம் மட்டுமே.

படி 3: கையிலிருந்து உண்மையில் போகும் பணம்

பிராட்பேண்ட் விளம்பர விலையில் ஜிஎஸ்டி 18% பொதுவாகச் சேர்ந்திருக்காது. 499 ரூபாய் பிளானுக்கு 588 ரூபாய் 82 காசு கட்ட வேண்டும். 999 பிளானுக்கு 1,178 ரூபாய் 82 காசு. இதோடு பொருத்தும் கட்டணம், ரூட்டர் டெபாசிட். "அன்லிமிடெட்" என்றாலும் உள்ளே ஒரு அளவு இருக்கும். ஜியோ, ஏர்டெல் ஃபைபர் பிளான்களில் மாதம் 3,300 ஜிபி என்பது வழக்கமான அளவு. சாதாரண வீடு அதைத் தொடாது. குறைந்த விலைப் பிளான்களில் இந்த அளவு மிகவும் சிறியதாக இருக்கலாம், அங்கே கவனமாகப் பாருங்கள்.

ஆறு மாதம், ஒரு வருடம் முன்பணம் கட்டினால் பொருத்துவது இலவசம் என்பார்கள். முதல் முறை எடுக்கும்போது ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஓடிடி இலவசம் என்பதற்காகப் பெரிய பிளானுக்குப் போவதும் வேண்டாம். அந்த ஓடிடிகளில் எதை ஏற்கெனவே காசு கொடுத்துப் பார்க்கிறீர்களோ, அதற்கு மட்டும்தான் அங்கே மதிப்பு.

படி 4: லேண்ட்லைன் எண்ணைக் காப்பாற்றுவது

எங்களுக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான், அதனால் நீட்டியே சொல்கிறேன். அப்பாவின் எண் வங்கி, எல்ஐசி, ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் பதிவாகியிருக்கிறது. பழைய நண்பர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்ததும் அந்த எண்தான். அதை இழப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மொபைல் எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுக்க 2011 ஜனவரியில் வந்தது. 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் வேலை தொடங்கிவிடும். லேண்ட்லைனும் அப்படித்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. லேண்ட்லைன் எண்ணை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும் வசதி நம் நாட்டில் கிடையாது. புதுக் கம்பெனியில் தருவது புது எண்தான். "அதே நம்பர் வாங்கித் தர்றேன் சார்" என்று விற்பனைக்கு வந்த ஒருவர் எங்கள் வீட்டிலேயே சொன்னார். எழுதிக் கொடுக்கச் சொன்னோம், அதன் பிறகு அவர் வரவில்லை.

எண் வேண்டுமென்றால் இருக்கும் கம்பெனிக்குள்ளேயே செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற வேண்டும். இங்கே விண்ணப்பத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான் எல்லாம். "பழையதைச் சரண்டர் செய்கிறேன், புதிதாக ஃபைபர் கொடுங்கள்" என்று எழுதினால் அது இரண்டு தனி வேலை: பழைய எண் போய்விடும், புது எண் வரும். "இந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு இணைப்பை ஃபைபருக்கு மாற்றித் தரவும்" என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நகலில் சீல் வாங்குங்கள். ஆன்லைனில் போட்டால் பதிவு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பழைய பாக்கி ஏதாவது இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். சின்னத் தொகை பாக்கி இருந்தாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

(இதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருந்தார்: இணைப்பு காலமான தாத்தா பெயரில் இருக்கிறது, என்ன செய்வது? முதலில் பெயர் மாற்றம், பிறகு ஃபைபர் மாற்றம். இறப்புச் சான்றிதழும் வாரிசு என்பதற்கான ஆவணமும் கேட்பார்கள். பெயர் மாற்றத்தையும் ஃபைபர் மாற்றத்தையும் ஒரே மனுவில் போட வேண்டாம்.)

மாறிய பிறகு பழைய தொலைபேசிக் கருவியின் வயர், ஃபைபர் மோடத்தின் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி, பல வீடுகளில் ரூட்டரும் இதுவே) பின்னால் "ஃபோன்" அல்லது "டெல்" என்று எழுதியிருக்கும் சின்னத் துளையில் போகும். லேன் துளை கொஞ்சம் பெரியது, அதில் செருகக் கூடாது. சுழற்றும் டயல் உள்ள கருவியைப் பெரும்பாலான மோடம்கள் ஏற்பதில்லை: மணி அடிக்கும், பேசலாம், ஆனால் எண் போகாது. பட்டன் கருவியிலும் அடியில் டோன், பல்ஸ் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால் டோன் பக்கம் தள்ளிவிடுங்கள். லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் பேச முன்னால் பூஜ்யம் போட வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் எல்லாக் கம்பெனிக்கும் உள்ள விதி. ஃபைபர் போட்டதும் "மொபைலுக்கே போகவில்லை" என்று பெரியவர்கள் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

படி 5: கரண்ட் போனால்?

பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். அங்கே பேட்டரி இருப்பதால் வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்யும். ஃபைபரில் அது கிடையாது. மோடம் அணைந்தால் நெட்டும் இல்லை, போனும் இல்லை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதை விட்டுவிடவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் இருந்தால் மோடம் செருகியிருக்கும் பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று மெயினை அணைத்துப் பாருங்கள். பல வீடுகளில் லைட்டும் ஃபேனும் மட்டும்தான் அதில் இருக்கும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரூட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் (கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் சின்னப் பெட்டி) வாங்குங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் அடாப்டரின் முதுகில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், ஆம்பியர் 1, 1.5, 2 என்று மாறும். யுபிஎஸ் அதே வோல்ட்டும், அதே அல்லது அதற்கு மேற்பட்ட ஆம்பியரும் தர வேண்டும். மோடமும் ரூட்டரும் தனித்தனி என்றால் இரண்டு வெளியீடு உள்ளதாகப் பாருங்கள்.

படி 6: பொருத்த வரும் நாள்

வீட்டில் ஒருவர் கட்டாயம் இருங்கள். மோடம் எங்கே வர வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள். லைன்மேனுக்கு வாசலுக்குப் பக்கத்து மூலைதான் வசதி. உங்களுக்கு வேண்டியது வீட்டின் நடு. ஃபைபரைக் கதவிடுக்கில் நசுக்காமல், மூலையில் மடக்காமல் வளைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

முடித்ததும் ஒளி எவ்வளவு வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். பவர் மீட்டரில் மைனஸ் போட்டு ஒரு எண் வரும். மைனஸ் 15-லிருந்து மைனஸ் 24-க்குள் இருந்தால் நல்லது. மைனஸ் 27-க்குக் கீழே போனால் இன்று ஓடினாலும் நாளை அறுந்து அறுந்து வரும். இணைப்பு முனையைத் துடைத்தோ, ஸ்ப்ளைஸிங்கை (இரண்டு ஃபைபர் முனைகளை ஒட்டுவது) மறுபடி செய்தோ சரி செய்யச் சொல்லுங்கள். அவர் கிளம்பும் முன் கேட்டால் அங்கேயே நடக்கும். பிறகு கேட்டால் புகார், காத்திருப்பு என்று இழுக்கும். அந்த எண்ணை மோடத்தின் மேலேயே ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். லைன் தகராறு செய்தால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டால் பழுது வெளியிலா உள்ளேயா என்று தெரிந்துவிடும். சிவப்பில் "லாஸ்" விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை, ரூட்டரை அணைத்துப் போட்டுப் பயனில்லை.

வேகத்தை லேன் கேபிள் போட்டுச் சோதியுங்கள். 200 எம்பிபிஎஸ் பிளானில் 95-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் ரூட்டரின் துளை 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம். கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) துளையும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையும் உள்ள ரூட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

சேர்க்கை: வீட்டில் சிசிடிவி வைத்து வெளியூரிலிருந்து பார்க்கும் சிலர், கம்பெனி மாறியதும் கேமரா தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். பிரவுசரில் திறக்கும் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வெளி ஐபி முகவரியை (நெட்டில் உங்கள் இணைப்பின் எண்) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன, வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வர முடியாது. கேமரா கம்பெனியின் கிளவுட் வசதிக்கு மாறுங்கள், அல்லது தனியாகக் காசு கட்டி ஸ்டேடிக் ஐபி (உங்களுக்கே உரிய, மாறாத முகவரி) வாங்குங்கள்.

இன்னொரு சேர்க்கை: ஃபைபர் வராத தெருக்காரர்கள் ஏர்ஃபைபர் பற்றிக் கேட்டார்கள். ஜியோவும் ஏர்டெல்லும் 2023-இல் தொடங்கியது. டவரிலிருந்து காற்று வழியாக வரும் 5ஜி நெட்தான். தெருவில் ஃபைபர் இருந்தால் ஃபைபர்தான் என் தேர்வு. இல்லையென்றால் ஏர்ஃபைபர் நல்ல வழி. மாத ஜிபி அளவு ஃபைபரைவிடக் குறைவு என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: பழைய இணைப்பை நிறுத்துவது

நீங்கள் கம்பெனியே மாறுவதாக இருந்தால், புதியது ஒரு நல்ல மழையையாவது தாண்டும் வரை பழையதை நிறுத்தாதீர்கள். நிறுத்தும்போது போனில் சொன்னால் போதாது. எழுத்தில் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். மோடத்தை எடுக்க வருபவரிடம் கருவியின் சீரியல் எண், தேதியோடு ரசீது கேளுங்கள். தரத் தயங்கினால் அவர் கையில் இருக்கும்போதே அடி லேபிளைப் படம் எடுங்கள். டெபாசிட் திரும்பவில்லை, அல்லது மூடிய இணைப்புக்கு பில் வந்தது என்றால் முதலில் கம்பெனியின் புகார் எண், பிறகு அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. இதற்குக் கட்டணம் இல்லை. அங்கும் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம். தொலைபேசி நிறுவனங்கள் மீதும் அங்கே வழக்குப் போடலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே கேட்கும் முதல் காகிதம் அந்த ரசீதுதான்.