சைட்டோகைனில் நல்லது கெட்டது பிரிக்காதீர்கள்

மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., வந்தவர்களின் நோயெதிர்ப்பு அணுக்கள் மூளை, தண்டுவட நரம்புகளின் மயலின் உறையைத் தாக்குகின்றன. அந்தத் தாக்குதலை முடுக்குவதும் அடக்குவதும் சைட்டோகைன் எனும் சிறு புரதங்கள். இவற்றைப் பற்றிப் படிப்பவர்கள் முதலில் செய்கிற தவறு, ஒவ்வொன்றுக்கும் ‘அழற்சியைக் கூட்டும்’, ‘குறைக்கும்’ என்று நிரந்தர முத்திரை குத்துவது.

டி.என்.எஃப். என்ற சைட்டோகைனையே பாருங்கள். முடக்குவாதத்தில் அதைத் தடுத்தால் மூட்டு வீக்கம் வடிகிறது. எம்.எஸ். நோயாளிகளின் மூளைப் புண்களிலும் டி.என்.எஃப். இருந்தது. அப்புறம் என்ன, இங்கேயும் தடுத்துவிடலாமே என்று லெனர்செப்ட் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான முடிவு தலைகீழ்: மருந்து பெற்றவர்களுக்குத்தான் நோய்த் தாக்குதல் அதிகம், அதுவும் சீக்கிரமே. டி.என்.எஃப்.பைப் பற்றிக்கொள்ள செல்களில் இரண்டு ஏற்பிகள் உண்டு. ஒன்று அழற்சியைக் கிளப்பும். மற்றது மயலினைப் பழுதுபார்க்கும் செல்கள் பெருக உதவும் என்று எலிகளில் தெரிந்தது. மருந்து இரண்டு வேலையையும் சேர்த்தே நிறுத்திவிடும். எம்.எஸ். உள்ளவர்கள் மூட்டுவலிக்கு டி.என்.எஃப்.பைத் தடுக்கும் அடாலிமுமாப் போன்ற ஊசி போடும் முன், தங்களுக்கு எம்.எஸ். இருப்பதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பெயரை நம்புவது இன்னொரு தவறு. இன்டர்ஃபெரான் என்ற ஒரே பெயரில் வரும் சைட்டோகைன்களும் ஒரே மாதிரி நடப்பதில்லை. இன்டர்ஃபெரான்-பீட்டா 1993-இல் அமெரிக்காவில் எம்.எஸ். மருந்தாக அனுமதி பெற்றது. இன்டர்ஃபெரான்-காமாவோ, 1987-இல் வெளியான சோதனையில் 18 பேரில் 7 பேருக்கு நோயைக் கிளப்பிவிட்டது. ஆனால், காமா இல்லாத எலிகளுக்கு எம்.எஸ். போன்ற நோய் குறையவில்லை, முற்றியது!

எலியில் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று எண்ணுவதும் ஆபத்து. இன்டர்லூகின்-12, இன்டர்லூகின்-23 என்ற இரண்டு சைட்டோகைன்களுக்கும் பி40 என்ற பாகம் பொது. பி40-ஐ நீக்கினால் எலிகள் எம்.எஸ். போன்ற நோயிலிருந்து தப்பின. பழி 12-இன் மேல் விழுந்தது. 23-தான் காரணம் என்று 2003-இல் தெளிவானது. சரி, பி40-ஐயே தடுக்கும் உஸ்டெகினுமாப்? சொரியாசிஸ் எனும் தோல் நோயில் வேலை செய்தது, எம்.எஸ்.ஸில் தோற்றது.

பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறொரு நோயான நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகாவை எம்.எஸ். என்று நினைத்துவிடும் தவறுதான் நோயாளியை நேரடியாகப் பாதிக்கும். அதில் இன்டர்ஃபெரான்-பீட்டா நிலைமையை மோசமாக்கக்கூடும். இன்டர்லூகின்-6 எனும் சைட்டோகைனின் ஏற்பியைத் தடுக்கும் சாட்ராலிசுமாப் பலன் தருகிறது. பார்வை நரம்பிலோ தண்டுவடத்திலோ கடுமையான அழற்சி வந்தவருக்கு, பீட்டாவைத் தொடங்கும் முன்பே, அந்த நோயைக் கண்டறிய உதவும் அக்வாபோரின்-4 ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.