பழைய கேம்பரின் இற்றுப்போன தரையைச் சீரமைத்தல்

வட அமெரிக்கச் சாலைகளில் இன்றும் இழுத்துச் செல்லப்படும் 1970, 80களின் கேம்பர்களில் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளில்), கதவருகிலோ படுக்கைக்கு அடியிலோ கால் வைத்ததும் தரை மெத்தென்று அமுங்கினால், கெட்டது தரை மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. மரத்தை இற்றுப்போகச் செய்வது பூஞ்சை. அது வளர வேண்டுமானால் மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அந்த ஈரம் பெரும்பாலும் மேலிருந்துதான் வருகிறது. கூரை விளிம்புப் பட்டை, ஜன்னல் சட்டம், பக்க விளக்கு ஆகியவற்றின் அடியிலுள்ள பசை காய்ந்து வெடித்த இடத்தில் நுழையும் நீர், சுவருக்குள்ளேயே இறங்கித் தரைப் பலகையின் விளிம்பில் தேங்குகிறது.

ஆகவே, பலகை வாங்கப் போகும் முன் கசிவைக் கண்டுபிடியுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் அமர்ந்திருக்க, மற்றவர் தோட்டக் குழாய் நீரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் மெதுவாகப் பாய்ச்ச வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லாவற்றையும் நனைத்து, ஓட்டை எதுவென்றே தெரியாமல் செய்துவிடும். கசியும் பட்டையைக் கழற்றி, பழைய பசையை முழுவதும் சுரண்டி, பியூட்டைல் நாடா (ரப்பர் போன்ற ஒட்டும் நாடா) வைத்து மீண்டும் முடுக்குங்கள். மேலாகச் சிலிக்கான் பூசிவிடுவது எளிதுதான். ஆனால் அது படிந்த பரப்பில் பிறகு வேறெதுவும் சரியாக ஒட்டாது, அடுத்த முறை பழுது பார்ப்பவர் உங்களைத் திட்டிக்கொண்டே சுரண்டுவார். அவர் நீங்களாகவும் இருக்கலாம்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியையும் வெளி மின் இணைப்பையும் துண்டித்து, எரிவாயு உருளையை மூடிய பிறகே தரையில் கை வைக்க வேண்டும். பழைய வினைல் ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய பசையிலும் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கக்கூடும் என்பதால், சோதித்துப் பார்க்காமல் அவற்றைத் தேய்க்கவோ உடைக்கவோ வேண்டாம்.

எதுவரை வெட்டுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கறையை நம்பாமல் குத்தூசியை நம்புங்கள். நல்ல மரத்தில் ஊசி சிக்கி நிற்கும். நெம்பினால் நீளமான சிம்பு ‘படக்’கென்று கிளம்பும். இற்ற மரத்திலோ, தேநீரில் நனைத்த பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கி, சத்தமில்லாமல் குட்டைத் துண்டுகளாக நொறுங்கும். உறுதியான மரம் கிடைத்த இடத்திலிருந்து இன்னும் 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளி, அடுத்துள்ள குறுக்குச் சட்டத்தின் நடுவில் வெட்டுக்கோட்டை வரையுங்கள். அடியில் மின்கம்பிகளும் எரிவாயுக் குழாயும் ஓடக்கூடும். எனவே வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் தடிமனுக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட வைக்காதீர்கள்.

திறந்த பகுதியில் நனைந்திருக்கும் கண்ணாடி நார்ப் பஞ்சை எடுத்தெறிந்து, மின்விசிறி வைத்துச் சட்டங்களின் ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை காயவிடுங்கள். இதற்குச் சில நாள்கள் ஆகலாம். காய்ந்த பின் பூஞ்சையைக் கொல்லும் போரேட் கரைசல் பூசி, பலவீனமான சட்டத்தின் பக்கத்தில் புதிய சட்டத்தைப் பசையும் திருகாணியும் கொண்டு இணையுங்கள். இற்ற பலகையில் பிசினை ஊற்றி இறுக்கிவிடலாம் என்பாரும் உண்டு. ஜன்னல் சட்டத்துக்கு அது போதும், ஆள் நடக்கும் தரைக்கு நான் அதை ஏற்கமாட்டேன். பலகை சுவருக்கு அடியிலும் போயிருந்தால் முழுவதையும் ஒரே நேரத்தில் உருவாதீர்கள். சுவருக்கு முட்டுக் கொடுத்து, சிறு சிறு பகுதியாக எடுத்துப் புதியதைச் செருகுங்கள்.

புதிய பிளைவுட், பழையதன் தடிமனிலேயே இருக்க வேண்டும். செம்பு கலந்த மருந்தேற்றிய மரம் அலுமினியத்தை அரிக்கும் என்பதால், அலுமினிய உடல் கொண்ட வண்டிக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். வெட்டிய விளிம்புகள்தாம் நீரை அதிகம் உறிஞ்சும். அவற்றுக்கு மட்டும் எபாக்ஸிப் பிசினை மூன்று முறை பூசுங்கள். பழைய பலகைக்கும் புதியதற்கும் இடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, துருப்பிடிக்காத திருகாணிகளால் முடுக்கி, அந்த இடைவெளியை வளைந்துகொடுக்கும் பசையால் நிரப்புங்கள்.

தரைவிரிப்பை உடனே ஒட்டிவிடாமல் இரண்டு மூன்று நல்ல மழை போகட்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பழுது பார்த்த இடத்தில் ஈரமானியை வைத்துப் பார்த்து, அளவு ஏறவில்லை என்றால் ஒட்டுங்கள்.