வில்டன் புல்லட் வைஸ்: வயது அடியில் இருக்கிறது

சிகாகோவில் 1941-இல் தொடங்கிய வில்டன் கம்பெனியின் புல்லட் வைஸ் (தோட்டா வடிவ உடல் கொண்ட, பொருளை இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) கையில் கிடைத்தால் பெயிண்டைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். பலவும் மறுபூச்சுதான். கைப்பிடியைச் சுற்றி முன்தாடையை முழுக்க வெளியே எடுங்கள். கடைசிச் சுற்றில் அது சட்டென்று கழன்று விழும், கனம் அதிகம், கீழே ஒரு கை இருக்கட்டும். அதன் தண்டின் அடியிலுள்ள நீளக் காடியில் கிரீஸைத் துடைத்தால் மாதமும் வருடமும் குத்தியிருக்கும். பக்கத்தில் 'கார் எக்ஸ்ப்' (GUAR EXP) என்ற ஆங்கிலச் சுருக்கம் இருந்தால் அது உத்தரவாதம் முடியும் தேதி. 5 வருடம் கழியுங்கள். 5-53 என்றால் 1948 மே.

வாங்கும் முன் தாடையின் கழுத்தில் மஞ்சள் கோடு தெரிகிறதா பாருங்கள். உடைந்ததைப் பித்தளை வைத்து ஒட்டிய அடையாளம் அது. விலையைப் பாதியாகக் கேட்கலாம்.

துருவை மின்சாரத்தால் நீக்க: 4 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி வாஷிங் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். வைஸும் ஒரு தகடும் அந்தத் தண்ணீரில் இருக்கட்டும். நெகட்டிவ் வைஸில், பாசிட்டிவ் பழைய இரும்புத் தகட்டில். மாற்றிக் கொடுத்தால் வைஸே கரையும். எவர்சில்வர் தகடு கூடவே கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். எடுத்ததும் கழுவி, ஹீட் கன்னால் உலர்த்தி உடனே எண்ணெய் தடவுங்கள். அரை மணி விட்டால் செம்பழுப்புப் படலம் மறுபடி ஏறிவிடும். திருகுக்கு கிரீஸ், தாடைப் பற்களுக்கு எதுவும் வேண்டாம்.